அலையைப் பிளக்கும் கோணம்: ரே ஹன்ட் வரைந்த படகுவடிவமும் அதன் தொடர்ச்சியும்

கரையேற்றி நிறுத்தப்பட்டிருக்கும் ஓர் அதிவேக விசைப்படகின் பின்புறம் சென்று, குனிந்து அதன் அடிப்பாகத்தைப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். அடிப்பாகம் தட்டையாக இருக்காது. நடுக்கோட்டில் ஆழ இறங்கி இருபுறமும் மேல்நோக்கிச் சரியும் ‘வி’ எழுத்தைப் போல இருக்கும். அந்தச் சரிவு படகின் நடுப்பகுதியில் எப்படி இருக்கிறதோ ஏறக்குறைய அப்படியே பின்முனை வரைக்கும் வந்து நிற்கும். அந்தச் சரிவின் மேல், முன்னிருந்து பின்னாக, முக்கோண வெட்டுமுகம் கொண்ட ஒல்லியான விளிம்புகள் சில நீண்டு ஓடும். கையால் தடவிப் பார்த்தால் அவற்றின் கீழ்முகம் தட்டையாகவும் வெளியோரம் கூர்மையாகவும் இருப்பது தெரியும். இன்று மீன்பிடிப் படகு, கடலோரக் காவல் படகு, மீட்புப் படகு, பந்தயப் படகு என்று எதை எடுத்தாலும் இவ்விரண்டும் இருப்பது இயல்பு என்று தோன்றுகிறது. ஆனால் இவ்விரண்டையும் சேர்த்து, கரடுமுரடான கடலில் வேகமாக ஓடுவதற்கான ஒரே வடிவமாக ஆக்கியது 1950-களின் பிற்பாதியில் நடந்த காரியம். அதைச் செய்தவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையைச் சேர்ந்த சார்லஸ் ரேமண்ட் ஹன்ட் என்னும் வடிவமைப்பாளர்.

ஹன்டின் பெயர் படகுத் தொழிலுக்கு வெளியே அதிகம் அறியப்படவில்லை. அவர் வரைந்த படகுகளோ, அவற்றைக் கட்டி விற்ற நிறுவனங்களின் பெயரில் உலகப் புகழ் பெற்றன. அவர் செய்த காரியத்தின் அளவைப் புரிந்துகொள்ள, அதற்கு முன் கடலில் வேகம் என்பது எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மெதுவாகச் செல்லும் படகு தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கிக்கொண்டு மிதக்கிறது. வேகம் கூடக் கூட, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், எழும் அலையின் நீளமும் கூடுகிறது. அந்த நீளம் படகின் நீளத்தை எட்டும் கட்டத்தில், படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முயன்று திணறத் தொடங்குகிறது. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகுக்கு இந்த எல்லை ஏறக்குறைய 6.7 நாட், அதாவது மணிக்கு 6.7 கடல் மைல். அதற்கு மேல் எஞ்சினின் சக்தியை எவ்வளவு கூட்டினாலும், படகு நீரைப் பிளந்துகொண்டு செல்லும் வரையில், வேகம் சிறிதளவே கூடும். எல்லையைத் தாண்ட ஒரே வழி, படகு நீருக்குள் கிடப்பதை விட்டு நீரின் மேல் எழுந்து வழுக்கிச் செல்வது. குளத்தங்கரையில் சிறுவர்கள் தட்டையான ஓட்டாஞ்சில்லை எறிந்து தவளை விடும்போது நடப்பதும் இதுதான்: சில்லின் அடிமுகம் நீரைக் கீழ்நோக்கி அழுத்துகிறது, நீர் அதை மேல்நோக்கித் தள்ளுகிறது.

இந்தத் தூக்குவிசையைப் பெறுவதற்குத் தட்டையான அடிப்பாகமே மிகச் சிறந்தது. எனவே இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வேகப்படகு கட்டியவர்களில் பெரும்பாலோர் பின்பகுதியைத் தட்டையாக வைத்தார்கள். அலையைச் சந்திக்கும் முன்பகுதி மட்டும் கூர்மையாக இருந்தது. அங்கிருந்து பின்னோக்கி வர வர அடிப்பலகை முறுக்கிக்கொண்டு தட்டையாகிக்கொண்டே போகும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை ஓட்டிய டார்பிடோ படகுகளும் பெரும்பாலும் இந்த முறுக்கிய வடிவத்தைச் சேர்ந்தவையே. ஏரியிலும் அமைதியான வளைகுடாவிலும் இவை பறந்தன. திறந்த கடலில் காற்று எழுந்து அலை நாலடி உயர்ந்ததும் கதை மாறிவிடும்.

மாறுவதற்குக் காரணங்கள் இரண்டு. வேகமாக வழுக்கிச் செல்லும் படகின் முன்பாகம் நீரை விட்டு எழுந்துவிடுகிறது. அப்போது அதைத் தாங்கி ஓடுவது பின்பாதி மட்டுமே. ஆகவே அலையின் உச்சியிலிருந்து பாய்ந்து கீழே விழும்போது நீரில் அடிபடுவது கூர்மையான அணியம் அல்ல. நடுவிலும் பின்னாலும் இருக்கும் தட்டையான பகுதி. தண்ணீரில் உள்ளங்கையை விரித்து அடிப்பதற்கும், விளிம்பால் வெட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை யாரும் உணர்ந்து பார்க்கலாம். இதைக் கணக்காகச் சொன்னவர்கள் கடல்விமானங்களின் மிதவைகள் நீரில் இறங்குவதை ஆராய்ந்த விஞ்ஞானிகள். 1929-இல் தியோடர் வான் கார்மனும், 1932-இல் ஹெர்பர்ட் வாக்னரும் கொடுத்த சூத்திரங்களின்படி, அடிமுகம் கிடைமட்டத்தோடு கொள்ளும் கோணம் சிறியதாக இருக்க இருக்க அடியின் அழுத்தம் மிக வேகமாக ஏறுகிறது. வாக்னரின் கணக்கை அப்படியே வைத்துப் பார்த்தால், 10 பாகைச் சரிவுள்ள அடிப்பாகம் வாங்கும் உச்ச அழுத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைத்தான் 24 பாகைச் சரிவுள்ள அடிப்பாகம் வாங்கும். கோணம் பெரிதாகும்போது சூத்திரத்தின் துல்லியம் குறையும் என்பது உண்மையே. ஆனாலும் வேறுபாடு எந்தத் திசையில், எவ்வளவு பெரியது என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது காரணம் பின்னாலிருந்து துரத்தி வரும் அலை. அத்தகைய அலை தட்டையான பின்பகுதியைத் தூக்கிவிடும்போது, கூர்மையான அணியம் கீழே குத்தி நீரைக் கவ்விக்கொள்கிறது. அந்தக் கணத்தில் படகைத் திருப்புவது சுக்கான் அல்ல, அணியம். படகு திடீரென்று பக்கவாட்டில் சுழன்று அலைக்கு விலாவைக் காட்டிவிடும். பல உயிர்களை வாங்கிய நிலை இது. ஆகவே படகோட்டி என்ன செய்தார்? வேகத்தைக் குறைத்தார். எஞ்சினில் இன்னும் சக்தி இருந்தது. ஆனால் முதுகெலும்பும் முழங்காலும், பலகைகளின் ஆணிகளும் அதைத் தாங்கவில்லை. ஹன்ட் கைவைத்த இடம் இதுதான். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை.

இந்த மனிதர் விசைப்படகுக்காரராக வாழ்க்கையைத் தொடங்கவில்லை என்பது கவனத்துக்குரியது. 1908-இல் பிறந்த ஹன்ட், மாசசூசெட்ஸின் டக்ஸ்பரி என்னும் சிற்றூரின் ஆழம் குறைந்த விரிகுடாவில் பாய்மரப் படகு ஓட்டி வளர்ந்தவர். பதின்ம வயதிலேயே அமெரிக்க இளையோருக்கான சியர்ஸ் கோப்பையை இரு முறை வென்ற அணியில் இருந்தார். கப்பல் கட்டும் கலையில் பட்டம் எதுவும் பெறாதவர். பாஸ்டனில் ஃபிராங்க் பெயின் என்னும் வடிவமைப்பாளரின் அலுவலகத்தில் வேலை பார்த்து, பிறகு வால்டோ ஹவ்லண்டோடு கன்கார்டியா என்னும் படகு நிறுவனத்தில் கூட்டாளியானார். 1938-இல் நியூ இங்கிலாந்தைத் தாக்கிய பெரும் புயலில் ஹவ்லண்டின் தந்தையுடைய படகு நாசமாயிற்று. அதற்கு மாற்றாக உருவானதே கன்கார்டியா யால் என்னும் இரட்டைப் பாய்மரப் படகு. அந்த வடிவில் 103 படகுகள் கட்டப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை போருக்குப் பின் ஜெர்மனியின் லெம்வெர்டரில் உள்ள அபேகிங் அண்ட் ராஸ்முசன் தளத்தில் உருவானவை. மரத்தாலான அந்தப் படகுகளை இன்றும் பழுதுபார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே கையால் 1939-இல் அவர் வரைந்த ‘110’ என்னும் படகு முற்றிலும் வேறு ஜாதி. இருமுனையும் கூர்மையான, 24 அடி நீளமுள்ள, ப்ளைவுட் பலகைகளை வளைத்து ஆணி அடித்துவிடக்கூடிய பெட்டி போன்ற அமைப்பு. பணம் குறைந்தவரும் வாங்கிப் பந்தயம் ஓட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1958-இல் ‘அமெரிக்கா கோப்பை’ என்னும் புகழ்பெற்ற பாய்மரப் பந்தயத்தின் தகுதிப் போட்டிகளுக்காக ‘ஈஸ்டர்னர்’ என்னும் 12 மீட்டர் வகைப் படகையும் வரைந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஜார்ஜ் ஓ’டே தங்கம் வென்ற 5.5 மீட்டர் வகைப் படகான ‘மினோட்டார்’ அவருடைய வடிவமே. அதன் ஓட்டிகளில் ஒருவர் ஹன்டின் மகன். விசைப்படகில் அவர் செய்ததை விளக்க இந்தப் பாய்மரப் பின்னணி அவசியம் என்பது என் கருத்து. பாய்மரப் படகை வரைபவருக்கு இலவசமாகக் கிடைக்கும் குதிரைத்திறன் எதுவுமில்லை. நீர் எங்கே ஒட்டுகிறது, எங்கே பிரிகிறது, படகு சாயும்போது எந்த வளைவு நீருக்குள் இறங்குகிறது என்பதைக் கண்ணாலேயே படிக்கப் பழகியவர் அவர். வேகப்படகுக்காரர்கள் பெரிய எஞ்சினைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் அடிப்பாகத்தைப் பார்த்ததற்கு அந்தப் பழக்கமே காரணமாக இருக்க வேண்டும்.

அவர் எடுத்த முடிவைச் சொற்களில் வைத்தால் மிக எளிமையாகத் தோன்றும். அணியத்தில் இருக்கும் கூர்மையைப் பின்னோக்கி வரும்போது தளர்த்தாமல், நடுவிலிருந்து பின்முனை வரை ஏறக்குறைய 24 பாகையில் நிறுத்திவிட்டார். இதனால் படகு எந்தப் பகுதியில் விழுந்தாலும் விழுவது ஒரு கூரிய ஆப்பின் மீதுதான். முன்னும் பின்னும் ஒரே சரிவு இருப்பதால் பின்தொடரும் அலை பின்முனையை மட்டும் தனியாகத் தூக்குவதில்லை. அணியம் குத்தித் திசைமாறும் ஆபத்தும் குறைகிறது. ஆனால் இத்தனை ஆழமான ‘வி’ தூக்குவிசையைப் பெருமளவு இழக்கிறது. நீர் அடிமுகத்தில் ஒட்டிக்கொண்டே பக்கவாட்டில் ஏறி, உராய்வைக் கூட்டி, படகுக்குள்ளேயே தூறலாக விழும். அந்த ஒல்லியான விளிம்புகள் வருவது இங்கேதான். மேலேறும் நீர்த்தகடு விளிம்பின் தட்டையான கீழ்முகத்தில் மோதி, கீழ்நோக்கி வளைந்து, கூரான ஓரத்தில் அடிப்பாகத்தை விட்டுப் பிரிந்துவிடுகிறது. அந்த வளைவிலேயே கொஞ்சம் தூக்குவிசை திரும்பக் கிடைக்கிறது, நனையும் பரப்பு குறைகிறது, உருளும் ஆட்டமும் ஓரளவு தணிகிறது. வேகம் ஏற ஏறப் படகு ஒவ்வொரு விளிம்பாக விட்டு மேலே எழும். உள்விளிம்புகள் மட்டும் நீரைத் தொடும்போது படகு தானாகவே ஒடுங்கிய படகாகிவிடுகிறது. சரிவை மட்டும் வைத்து விளிம்பை விட்டிருந்தால் அது எரிபொருளை விழுங்கும் ஈரப்படகாகவே முடிந்திருக்கும். இரண்டும் சேர்ந்ததே கண்டுபிடிப்பு.

1958 கோடையில் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டுக்கு அப்பால் அமெரிக்கா கோப்பைத் தகுதிப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. ஈஸ்டர்னருக்குத் துணைப்படகாக ஹன்டின் 23 அடி நீளப் படகு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ‘விம்’ என்னும் எதிரணிப் படகில் ஓட்டியாக இருந்தவர் ரிச்சர்ட் பெர்ட்ராம். மயாமியில் படகு வணிகம் செய்தவர். மற்றத் துணைப்படகுகள் அலையில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தபோது, அந்தச் சின்னப் படகு அதே அலையின் மேல் வேகம் குறையாமல் சென்றதை அவர் கண்டார். உடனே தனக்கு இதே வடிவில் 30 அடிப் படகு ஒன்று வேண்டும் என்று ஹன்டைக் கேட்டார். மரத்தால் கட்டப்பட்ட அந்தப் படகுக்குத் தன் மனைவியின் செல்லப்பெயரான ‘மோப்பி’யைச் சூட்டினார்.

1960 ஏப்ரலில் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் தலைநகரான நாசாவுக்குப் பந்தயம். தூரம் ஏறக்குறைய 160 கடல் மைல். பாதையின் முதல் பகுதி வளைகுடா நீரோட்டத்தைக் குறுக்கே கடக்க வேண்டியது. வடக்கு நோக்கி ஓடும் அந்த நீரோட்டத்தின் மேல் எதிர்க்காற்று வீசினால் அலைகள் நெருங்கி, செங்குத்தாக, சுவர்போல எழும் என்பது அங்குள்ள மாலுமிகள் அனைவரும் அறிந்தது. அன்று அலையின் உயரம் சுமார் 8 அடி. மோப்பியின் சுக்கானைப் பிடித்தவர் சாம் கிரிஃபித். உடன் இருந்தவர்கள் பெர்ட்ராமும், பாய்மரப் பந்தயங்களில் பெயர்பெற்ற கார்ல்டன் மிச்சலும். அவர்கள் சுமார் 8 மணி நேரத்தில் நாசாவை அடைந்தார்கள். ஏறக்குறைய 2 மணி நேரம் கழித்து இரண்டாவது படகு வந்தது. அது ஜிம் வின் ஓட்டிய ‘அக்வா ஹன்டர்’. மோப்பியை விடச் சிறியது, அதுவும் ஹன்டின் வடிவமே. மூன்றாவது படகு மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. 160 கடல் மைலை 8 மணி நேரத்தில் கடந்தால் சராசரி வேகம் 20 நாட் மட்டுமே. அன்றைக்கே அமைதியான நீரில் இதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடிய படகுகள் இருந்தன. சாதனை வேகத்தில் இல்லை. அந்த வேகத்தை அந்தக் கடலில், எட்டு மணி நேரம், மனிதர்கள் உள்ளே இருக்கையில் விடாமல் வைத்திருந்ததில் இருந்தது. முதல் இரண்டு இடங்களும் ஒரே வடிவத்துக்குப் போனதும், எஞ்சியவர்கள் ஒரு நாள் பின்தங்கியதும், படகோட்டியின் திறமை அல்லது அதிர்ஷ்டம் என்ற விளக்கத்துக்கு இடம் வைக்கவில்லை.

பெர்ட்ராம் அதன் பிறகு செய்தது வணிக வரலாற்றில் ஒரு பாடம். மோப்பியின் மர உடலையே மூலமாக வைத்து அச்சு எடுத்து, ஃபைபர் கிளாஸில் படகுகளை வார்க்கத் தொடங்கினார். 1961-இன் தொடக்கத்தில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைக்கப்பட்ட பெர்ட்ராம் 31, அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் தயாரிப்பில் இருந்தது. 1,800-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. காலமும் ஹன்டுக்கு ஒத்துழைத்தது என்று சொல்ல வேண்டும். மரத்தில் இந்த வடிவத்தைக் கட்டுவது எளிதல்ல. விளிம்புகளைத் தனியாகச் செதுக்கி, பொருத்தி, நீர் புகாமல் அடைக்க வேண்டும். ஃபைபர் கிளாஸில் அச்சு ஒன்று சரியாக இருந்துவிட்டால் விளிம்பும் சரிவும் சேர்ந்தே ஒரே ஓடாக வந்துவிடும். ஹன்டின் வடிவமும் இந்தப் பொருளும் ஒரே பத்தாண்டில் சந்திக்காமல் போயிருந்தால், பணக்காரர் சிலரின் பந்தயக் கொட்டகைகளோடு இது நின்றிருக்கக்கூடும். ஜிம் வின்னும் இந்தச் சந்திப்பில் ஒரு பங்காளி: எஞ்சினைப் படகுக்குள் வைத்து, உந்தியை, அதாவது நீரைத் தள்ளும் சுழலியை, பின்பலகைக்கு வெளியே தொங்கவிடும் அமைப்பை உருவாக்கி, 1959-இல் வால்வோ வழியாகச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அவரே. ஆழ்ந்த ‘வி’ உடலுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

தன் வடிவத்தின் மீது காப்புரிமை பெற்று அதை யாரும் தொடாதபடி ஹன்ட் காத்துக்கொள்ளவில்லை. அதனால் 1960-களில் அது பெருவெள்ளமாகப் பரவியது. மயாமியில் டான் ஆரோனோ தொடங்கிய ஃபார்முலா, டான்ஸி, மேக்னம், சிகரெட் ஆகிய நிறுவனங்கள் எல்லாம் ஆழ்ந்த ‘வி’யின் மேல் எழுந்தவையே. இங்கிலாந்தில் ஹாம்பிள் நதிக்கரையில் இருந்த ஃபெய்ரி மரைன் நிறுவனம், போர்க்கால விமானத் தொழிலில் கற்ற சூடேற்றி வார்க்கும் மரத்தகட்டு முறையில், ஹன்டின் 23 அடி வடிவத்தை ‘ஹன்ட்ரஸ்’ என்ற பெயரில் கட்டியது. நாசா பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்த பிரிட்டிஷ் பத்திரிகை அதிபர் மேக்ஸ் ஐட்கன், 1961-இல் இங்கிலாந்தின் தென்கரையில் கவ்ஸ்–டார்க்கி கடற்பந்தயத்தைத் தொடங்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1965-இல், அந்தப் பந்தயத்தைப் பெர்ட்ராம் தன் ‘பிரேவ் மோப்பி’யில் வந்து வென்றார்.

இந்த இடத்தில் நம் துணைக்கண்டத்தோடு உண்மையான தொடர்புள்ள ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ரெனாட்டோ லெவி, எல்லோருக்கும் ‘சன்னி’ லெவி, 1926-இல் கராச்சியில் பிறந்த இத்தாலியர். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்து, பிறகு விமானப் பொறியியல் படித்து, பம்பாயில் குடும்பத்துக்குச் சொந்தமான ஆஃப்கோ படகுத்தளத்தில் வேலையைக் கற்றார். இத்தாலிக்குப் போன பின் அவர் உருவாக்கிய ‘ஆ ஸ்பெரான்ஸியெல்லா’ 1963-இல் கவ்ஸ்–டார்க்கி பந்தயத்தை வென்றது. 1967-இல் வென்ற ‘சர்ஃப்யூரி’யும் அவர் வரைந்ததே. லெவியின் உடல்கள் முன்னால் ஒடுங்கி, பின்னால் அகன்று, மேலிருந்து பார்த்தால் முக்கோணமாகத் தெரிபவை. உந்தியின் பாதி நீருக்கு மேலே சுழலும் ஓட்டமுறையையும் அவர் வளர்த்தெடுத்தார். 1986-இல் அட்லாண்டிக் பெருங்கடலை 3 நாள் 8 மணி 31 நிமிடத்தில் கடந்த ‘வர்ஜின் அட்லாண்டிக் சாலஞ்சர் 2’ அவருடைய வடிவம். 1952-இல் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்னும் பயணிக் கப்பல் எடுத்த நேரத்தை விட அது 2 மணி 9 நிமிடம் குறைவு. ஹன்ட் கதவைத் திறந்தார் என்றால், பந்தயக் கடலில் அந்த வழியே வெகுதூரம் போனவர் லெவி. விமானத்தைப் படித்தவர் உடலை ஒடுக்கி மெலிவாக்கியதும், பாய்மரத்தைப் படித்தவர் சமநிலையைத் தேடியதும், இருவரின் கோடுகளிலும் தெரிகிறது.

ஹன்டை ஆழ்ந்த ‘வி’யோடு மட்டும் கட்டிப்போடுவது சரியல்ல என்பதற்குச் சான்று, அதே ஆண்டுகளில் அவர் வரைந்த இன்னொரு படகு. மாசசூசெட்ஸைச் சேர்ந்த டிக் ஃபிஷர் என்னும் தொழிலதிபர், இரண்டு ஃபைபர் ஓடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரையை ஊற்றி மூழ்காத சிறுபடகு ஒன்றைச் செய்ய விரும்பினார். ஆழ்ந்த ‘வி’க்கு நேர் எதிரான மூலத்திலிருந்து தொடங்கினார் ஹன்ட். 1910-களில் ஆல்பர்ட் ஹிக்மன் உருவாக்கிய ‘ஸீ ஸ்லெட்’ என்னும் படகின் அடிப்பாகம் தலைகீழான ‘வி’: நடுவில் குகைபோல உயர்ந்து, இருபுறமும் சறுக்குக் கட்டைபோல இறங்கும். முதல் மாதிரிப் படகை ஓட்டிப் பார்த்தபோது, அந்தக் குகை வழியாகக் காற்று நேராக உந்திக்குப் போய், அது பிடியில்லாமல் சுழன்றது. நடுவில் மூன்றாவதாக ஒரு சிறு முகட்டை இறக்கியதும் சிக்கல் தீர்ந்தது. 13 அடி பாஸ்டன் வேலர் 1958-இல் விற்பனைக்கு வந்தது. 1961-இல் லைஃப் இதழில் வந்த படங்கள் அதற்கு வீடுதோறும் பெயர் வாங்கிக் கொடுத்தன: கோட்டும் சூட்டும் அணிந்த ஃபிஷர் படகில் உட்கார்ந்திருக்க, அதை நடுவே ரம்பத்தால் அறுத்து இரண்டாக்குகிறார்கள்; பிறகு அவர் எஞ்சின் உள்ள பின்பாதியை ஓட்டிக்கொண்டு போகிறார். பக்கவாட்டில் ஆடாமல் நிற்பது, ஒரு ஆள் ஓரத்தில் நின்றாலும் கவிழாதது, சிறிய எஞ்சினே போதுமானது ஆகிய மூன்றும் அந்தச் சிறுபடகுக்கு வேண்டியிருந்தன. ஆழ்ந்த ‘வி’யால் தர முடியாதவையும் இவை மூன்றே. கடலையும் வேலையையும் பார்த்து வடிவத்தைத் தேர்ந்தவர் ஹன்ட். தான் கண்டுபிடித்த வடிவத்தை எல்லாப் படகுக்கும் மாட்டிவிடும் ஆசை அவரிடம் இருக்கவில்லை. அவருடைய கொடையில் அதிகம் பின்பற்றப்படாத பகுதி இதுவே என்று நினைக்கிறேன்.

ஆழ்ந்த ‘வி’யின் விலை என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே எடையை அதே வேகத்தில் தூக்க, தட்டையான உடலை விட அதற்குக் கூடுதல் சக்தி தேவை. 1964-இல் நியூ ஜெர்சியின் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேனியல் சவிட்ஸ்கி வெளியிட்ட கணக்கீட்டு முறை, சரிவுக் கோணம் கூடும்போது தூக்குவிசை எப்படிக் குறைகிறது என்பதை எண்களில் காட்டியது. வடிவமைப்பாளர்கள் இன்றும் அதைக் கையாளுகிறார்கள். நின்றிருக்கும் போது ஆழ்ந்த ‘வி’ படகு இருபுறமும் உருளும். மீன் பிடிக்கத் தூண்டிலோடு நிற்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. வழுக்கும் நிலைக்கு எழுவதற்கும் நேரம் எடுக்கும். எரிபொருள் மலிவாக இருந்த 1960-களில் யாரும் இதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1973-இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு பொருட்படுத்த வேண்டியதாயிற்று. இதனால் பின்முனையில் கோணத்தைக் கொஞ்சம் தளர்த்திய சமரச வடிவங்கள் பெருகின.

சமரசத்தைத் திறமையாகச் செய்தவற்றில் சில ஹன்டின் அலுவலகத்திலிருந்தே வந்தன. ஜான் டெக்னட்டெலோடு அவர் நிறுவிய சி. ரேமண்ட் ஹன்ட் அசோசியேட்ஸ், 1978-இல் அவர் இறந்த பின்னும் தொடர்ந்தது. வட கரோலினாவின் கிரேடி-வைட் படகுகளுக்காக அவர்கள் வரைந்த உடலில், சரிவு பின்முனையிலிருந்து அணியம் வரை எங்கும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும்; பின்னால் சற்றுத் தளர்வு, அலை அடிபடும் நடுப்பகுதியில் வேண்டிய கூர்மை. ஆசானின் விதியை ஆசானின் கூடமே திருத்தி எழுதியது. ஆனாலும் திருத்தம் தொடங்கிய இடம் அவர் போட்ட கோடே.

மீட்புப் பணியில் இந்த வடிவம் எடுத்த உருவம் தனியாகப் பேசத் தக்கது. 1960-களில் வேல்ஸின் அட்லாண்டிக் கல்லூரியில் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி டெஸ்மண்ட் ஹோரும் அவருடைய மாணவர்களும், காற்றடைத்த ரப்பர்ப் படகின் அடித்துணி கரையில் உராய்ந்து கிழிந்துகொண்டே இருந்ததால், அதற்குப் பதில் கெட்டியான ‘வி’ வடிவ அடிப்பாகத்தை ஒட்டிப் பார்த்தார்கள். கூரிய அடிப்பாகம் அலையை வெட்டும். நின்றால் உருளும் குறையைச் சுற்றியுள்ள காற்றுக்குழாய்கள் தாங்கிக்கொள்ளும். ஆழ்ந்த ‘வி’யின் பலவீனத்துக்கு இதைவிட நேரடியான மருந்து கிடையாது. அந்த வடிவத்தின் உரிமையைப் பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கத்துக்கு ஹோர் ஒரே ஒரு பவுண்டுக்குக் கொடுத்தார். இன்று உலகெங்கும் கடற்படையும் கடலோரக் காவலும் ஓட்டும் ரப்பர் விளிம்புள்ள வேகப்படகுகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

எதிர்காலத்தைப் பற்றிய கேள்வி எழுந்திருக்கிறது. மின்கலத்தில் ஓடும் படகுக்கு ஆழ்ந்த ‘வி’ கேட்கும் சக்தி பெரும் சுமை. ஸ்வீடனின் கேண்டிலா போன்ற நிறுவனங்கள், நீருக்கடியில் சிறகுகளை வைத்து உடல் முழுவதையும் நீருக்கு மேலே தூக்கிவிடுகின்றன. அலையில் அடிபடும் பேச்சே அங்கு எழுவதில்லை. குறுகிய, காப்பான நீர்ப்பரப்புகளில் இந்த வழி வெல்லும் என்று நம்புகிறேன். ஆனால் சிறகின் தண்டை விட அலை உயர்ந்துவிட்டால், உடல் மீண்டும் நீரைச் சந்தித்தே ஆக வேண்டும். அப்போது அடிப்பாகத்தின் கோணம் மறுபடியும் முக்கியமாகிறது.

மாசசூசெட்ஸின் சாமர்செட் ஊரில் உள்ள கிளாடிங்-ஹெர்ன் தளம், கப்பலில் ஏறி அதைத் துறைமுகத்துக்குள் செலுத்தும் துறைமுக வழிகாட்டிகளுக்கான படகுகளை ஹன்ட் அலுவலகத்தின் ஆழ்ந்த ‘வி’ வடிவில் பல பத்தாண்டுகளாகக் கட்டிவருகிறது. குளிர்காலத்தில், இருட்டில், பனிக்காற்று வீசும் கடலுக்குள் இந்தப் படகுகள் செல்கின்றன. துறைமுகத்தை நோக்கி வரும் பெரிய சரக்குக் கப்பலின் இரும்புச் சுவரோரம் ஒட்டி, அதே வேகத்தில் ஓடுகின்றன. மேலிருந்து தொங்கும் கயிற்று ஏணியைப் பிடித்து வழிகாட்டி ஏற வேண்டும். அதற்கு முன் அவர் ஒரு மணி நேரம் அலையில் வந்திருக்கக்கூடும். அவருடைய முழங்கால்களில் இன்னும் பலம் இருக்க வேண்டும், ஏறும் கணத்தில் காலடியில் உள்ள தளம் பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் இருக்க வேண்டும். ஏணியின் முதல் படியில் அவர் கால் வைத்ததும், படகு விலகித் திரும்பி, எதிர் அலையில் அணியத்தைக் கொடுத்து, கரையை நோக்கி வேகமெடுக்கிறது.